வாசல் கதவுக்கு வத்தல் சிவப்பு

பெயிண்டுக் கடையிலேயே முதல் சண்டை ஆரம்பித்துவிட்டது. கடைக்காரர் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "கதவுக்கா? பிரவுனா, டார்க் பிரவுனா?" என்று கேட்டார். உலகத்தில் கதவுக்கு இருப்பதே அந்த இரண்டு நிறம்தான் என்கிற மாதிரி. நான் "சிவப்பு" என்றேன். என் வீட்டுக்காரர் "பிரவுன்" என்றார். இரண்டு பேர் குரலும் ஒரே நேரத்தில் விழுந்தது. அப்போதுதான் கடைக்காரர் நிமிர்ந்தார்.

கைப்பையிலிருந்து ஒரு மிளகாய் வத்தலை எடுத்து அவர் மேஜையில் வைத்தேன். "இந்தச் செவப்பு வேணும். கூடவும் வேணாம், கொறையவும் வேணாம்."

அவர் வத்தலை எடுத்து எதற்கோ மோந்து பார்த்தார். தும்மினார். "இது குண்டு வத்தல்ல? கறுப்படிச்ச செவப்பு. டப்பால அப்படியே வராது, மிஷின்ல கலக்கணும்" என்றார்.

"கலக்குங்க."

என் வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். தனியார் பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டுகிறவர் அவர். எல்லாத் தெருப் பிள்ளைகளையும் ஏற்றி இறக்குகிற ஆள், ஒருத்தரையும் பகைக்க மாட்டார். அடிக்குரலில், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி விரல் மடக்கினார்.

"இந்தா பாரு புள்ள. காவி அடிச்சா ஒரு கட்சிம்பான். நீலம் அடிச்சா இன்னொரு கட்சி. செவப்புல மஞ்சள் சேந்தா மேலத்தெருக் கொடி. செவப்புல பச்சை சேந்தா நம்ம தெருக் கொடி. வெறும் செவப்பா இருந்தா சங்கத்துக்காரன் நன்கொடை கேட்டு வருவான். பிரவுனு மட்டுந்தான் எவனுக்கும் சொந்தமில்ல."

"பிரவுனு சாணிக்குச் சொந்தம்" என்றேன்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். இவருக்கு முகம் செத்துப்போனது. "மெரூனாவது வாங்கு. பாதிச் செவப்பு" என்று கெஞ்சினார். அந்த ஷேடு கார்டை எடுத்து மேஜையில் ஓங்கி அடித்தேன். அது இரண்டாகக் கிழிந்தது. பக்கத்தில் வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு வாங்க வந்தவர் ஒரு எட்டு பின்னால் போனார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த வீடு பஞ்சு மில்லில் நின்றே என் கால் நரம்பு சுருட்டிக்கொண்டதில் எழும்பிய வீடு. ஆனால் அதில் ஒன்றும் நான் சொன்னபடி நடக்கவில்லை. வாசல் எந்தப் பக்கம் என்று மாமனார் சொன்னார். அடுப்படி எந்த மூலை என்று கொத்தனார் சொன்னார். ஜன்னல் எத்தனை என்று லோனு கொடுத்தவர்கள் சொன்னார்கள். கல்யாணச் சேலை நிறம் மாமியார் சொன்னது, மில்லில் போடுகிற மேல்கோட்டு நிறம் மில்லு சொன்னது. கதவு நிறம் ஒன்றுதான் எனக்கு மிச்சம் இருந்தது. அதை விடுவதில்லை என்று இருந்தேன். ஏன் சிவப்பு என்று பிற்பாடு போலீஸ் வரைக்கும் கேட்டார்கள். எனக்குப் பிடித்திருந்தது. வேறு காரணம் கிடையாது. காரணம் இருந்தால்தான் ஒரு நிறம் பிடிக்க வேண்டுமா?

மிஷின் டப்பாவை உலுக்கி உலுக்கிக் கலக்கியது. மூடியைத் திறந்து ஒரு குச்சியில் தொட்டு, வத்தலுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார் கடைக்காரர். அதேதான். களத்தில் நன்றாகக் காய்ந்து, பழுப்பேறாமல், சோடை இல்லாமல் கிடக்கிற வத்தல்.

திரும்பும்போது வண்டியில் டப்பா என் மடியில். பாலவனத்தம் போகிற ரோட்டில் அவர் வண்டியை விரட்டினார். ஊருக்குத் திரும்புகிற இடத்தில், "அடி வாங்காம ஒனக்கு அடங்காது" என்றார். முதுகில் ஒரு குத்து விட்டேன். வண்டி ஆடியது. சீமைக்கருவேலங் காட்டுக்குள் போய் விழுந்திருப்போம்.

எங்கள் ஊரில் இரண்டு தெரு. மேலத்தெருவில் நிலம் உள்ளவர்கள். கீழத்தெருவில் அந்த நிலத்தில் கூலிக்குப் போனவர்களின் பிள்ளைகள், அதாவது நாங்கள். இப்போது எங்கள் தெருவில் மில்லுக்குப் போகிறவர்கள், வேன் ஓட்டுகிறவர்கள், வெளிநாடு போனவர்கள், ஒரு நர்ஸு கூட உண்டு. குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பார்க்கு வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும், மேலத்தெருக்காரர் ஒருவர் ரோட்டு ஓரத்து நிலத்தை மனையாகப் பிரித்து ஒரு புரோக்கரிடம் விட்டார். வெளியூர்க்காரன் வாங்குவான் என்று நினைத்திருக்கிறார். புரோக்கருக்குத் தெருவா முக்கியம்? எங்களிடம் விற்றுவிட்டான். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுகிற அன்றைக்குத்தான் அந்த மனுஷருக்கு விஷயமே தெரிந்தது. அவர் வீட்டு கேட்டுக்கு நேர் எதிரே எங்கள் வாசல்.

என் அம்மா அவர் அப்பாவின் களத்தில் வத்தல் அள்ளியவள். "முதலாளி" என்றுதான் கூப்பிடுவாள். நான் அவரை "அண்ணாச்சி" என்றேன். முதல் நாள் அதைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஏதோ அவர் சட்டையில் துப்பிவிட்ட மாதிரி. அதற்கப்புறம் வேண்டுமென்றே நாளைக்கு ஒரு தடவையாவது சொன்னேன்.

பெயிண்டு அடிக்க என் தம்பி வந்தான். காரியாபட்டியில் குடியிருக்கிறான். மதுரையில் அடுக்குமாடிகளுக்குப் பெயிண்டு அடிக்கப் போய் வருகிற ஆள். வாய் ஓயாது. கதவைத் தேய்க்கும்போதே, "யக்கா, இந்தக் கலருக்கு ஒரு லோடு கண்ணுபடும். பூசணிக்காய் கட்டிரு" என்றான். வேப்ப மரக் கதவு. உப்புத்தாள் போட்டு, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, முதல் கை சிவப்பு ஓட்டியபோது நான் முற்றத்திலேயே நின்றேன். வெயில் கதவில் நேராக விழுந்தது. ரோட்டில் போன பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர்கள் தலை திரும்பியது. அப்படியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம் போலிருந்தது. மில்லுக்கு நேரமாகிவிட்டது.

"ரெண்டாவது கை போட்டுட்டு எதையும் தொடாத. நிலைக்கு வார்னிஷ் நாளைக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

தொட்டுவிட்டான் பாவி.

எங்கள் பக்கம் வாசற்படிக்கு மஞ்சள் பூசி, சிவப்புப் பொட்டு வைப்பது எல்லா வீட்டிலும் உண்டு. மேலத்தெரு, கீழத்தெரு என்று அதில் வித்தியாசம் கிடையாது. மதுரை வேலையில் மிஞ்சிய மஞ்சள் எனாமல் அவன் பையில் இருந்திருக்கிறது. அக்காவுக்கு மங்களமாக இருக்கட்டும் என்று படிக்கு அடித்திருக்கிறான். கை சும்மா இருக்காமல் நிலைக்கும் ஏற்றிவிட்டான். இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால், மேலே குறுக்குக் கட்டை, எல்லாம் மஞ்சள். நடுவில் சிவப்பு.

ஷிப்டு முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கியவள் ரோட்டிலேயே நின்றுவிட்டேன். படியில் இருந்தால் அது மஞ்சளும் குங்குமமும். ஆள் உயரத்துக்கு நின்றால் அது மேலத்தெருக் கொடி. அவர்கள் மரத்தில் அடிக்கிற கொடி, மோட்டார் ரூமில் அடிக்கிற கொடி, கையில் கட்டுகிற கயிற்றின் கொடி. அதை என் தம்பி என் வாசலில் நட்டு வைத்திருந்தான். கதவுக்கு முன்னால் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

"எப்படி யக்கா? மகாலெச்சுமி மாதிரி இல்ல?"

அவன் கையிலிருந்த பிரஷ்ஷைப் பிடுங்கி அவன் தலையிலேயே அடித்தேன். மஞ்சள் அவன் காதில் வழிந்தது. "கண்ணு அவிஞ்சு போச்சாடா? எங்க நிக்கிறன்னு தெரியலயா?" அவன் எழுந்து ரோட்டுக்கு ஓடிப்போய்த் திரும்பிப் பார்த்தான். பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டான். கிட்டத்திலிருந்து அடித்தவனுக்கு அது தெரியவில்லை. சத்தியமாக அவனுக்குத் தெரியவில்லை.

சுரண்டலாம் என்றால் பாதி காய்ந்து, பாதி காயாமல் பசையாக ஒட்டுகிறது. தின்னர் தீர்ந்துபோயிருந்தது. காலையில் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவன் பஸ் ஏறிவிட்டான். நின்றால் இன்னும் அடி விழும் என்று தெரியும்.

பொழுது சாயுமுன் எங்கள் தெரு இளவட்டங்கள் வண்டிகளில் வந்து இறங்கிவிட்டார்கள். அதில் முன்னால் நின்றவன் என்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவன்.

"என்னக்கா, ரோட்டுக்கு வந்ததும் அவுக ஆளா மாறிட்டீகளா?"

"தப்பா அடிச்சிட்டான்டா என் தம்பி. காலைல சொரண்டிருவேன்."

"எதுக்குச் சொரண்டணும்? மஞ்சளுக்கு மேல பச்சைய அடிச்சு விட்டா நம்ம கொடி. டப்பா கையோட கொண்டாந்திருக்கோம்." தூக்கிக் காட்டினான். கொண்டுவந்துமிருந்தான்.

"பச்சையும் வேணாம். வெறும் மரமா இருக்கும் நிலை. கதவு மட்டும் செவப்பு."

"அவுகளுக்குப் பயமா?"

"ஒங்களுக்கும் பயமில்ல, அவுகளுக்கும் பயமில்ல. இது கொடிக்கம்பம் இல்லடா. நான் குடியிருக்க வந்த வீடு."

என் வீட்டுக்காரர் வேனை நிறுத்திவிட்டு ஓடிவந்து, "தம்பிகளா, காப்பி சாப்புடுங்க" என்றார். இவருக்கு எல்லாவற்றுக்கும் காப்பி. அவர் காப்பி என்று சொல்லி வாய் மூடுவதற்குள் அவன் பிரஷ்ஷை முக்கி நிலையின் இடது காலில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டான். தோள் உயரத்திலிருந்து முழங்கால் வரைக்கும் பச்சை. நான் வாசல் பெருக்கிப் போட்டிருந்த வாரியலை எடுத்து, அதன் குச்சிப் பக்கம் அவன் முகத்தில் படுகிற மாதிரி வீசினேன். கன்னத்தில் கோடு கோடாக ரத்தம் தெரிந்தது.

"ஊரோட ஒத்துப்போகத் தெரியணும்க்கா" என்று கன்னத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "நாளைக்கு அவுக வந்தா எங்களக் கூப்புடாதீக."

"ஒங்கள எவன்டா கூப்பிட்டது இன்னைக்கு?"

போய்விட்டார்கள். பச்சை அப்படியே இருந்தது. ஒரு துணியை எடுத்து அழுத்தித் துடைத்தேன். மஞ்சளோடு கலந்து வாந்தி நிறத்தில் இழுவியது. என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். பிரவுன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

விடிந்து, நான் கோலம் போட்டு முடிக்கவில்லை. எதிர் கேட்டு திறந்தது. அண்ணாச்சி வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியோடு வெளியே வந்தார். முந்தின நாள் சாயங்காலம் அவர் ஊரில் இல்லை. இருந்திருந்தால் வெறும் மஞ்சளும் சிவப்பும் பார்த்திருப்பார், ஒருவேளை உள்ளுக்குள் சந்தோஷம்கூடப் பட்டிருப்பார். அவர் காலையில் பார்த்தது வேறு. தன் கொடி மேல் பச்சையைப் பூசி இழுவி வைத்திருப்பதைப் பார்த்தார். அப்படித்தான் அவர் கண்ணுக்குப் பட்டிருக்கும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாயைத் திறந்து கேட்டிருக்கலாம் இல்லையா?

அவருக்குப் பின்னால் அண்ணன் மகன்கள் இரண்டு பேர். ஒருத்தன் கையில் அரிவாள். கருவேலம் வெட்டுகிற அரிவாள்தான்.

"ஏத்தா, எவனக் கேட்டு எங்க கொடிய வரைஞ்சு அதுல அசிங்கம் பண்ணி வச்சிருக்க?"

"அண்ணாச்சி, அது கொடி இல்ல. படிக்கு அடிக்கிற மஞ்ச. தப்பா ஏறிப்போச்சு, இன்னைக்குச் சொரண்டிருவேன்."

"அண்ணாச்சியா? யாருடி ஒனக்கு அண்ணாச்சி? ஒங்காத்தா எங்க களத்துல குனிஞ்சு வத்தல் அள்ளும்போது என் காலத்தான பாத்திருப்பா? மூஞ்சியப் பாத்திருக்க மாட்டா."

"அதான் நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

என் வீட்டுக்காரர் பனியனோடு ஓடிவந்தார். இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். அண்ணாச்சி பேரப்பிள்ளையைத் தினமும் வேனில் ஏற்றுகிறவர் இவர். அந்த நினைப்பில், "பெரியவுக கோவப்படாதீக, நான் பிரவுனு அடிச்சிர்றேன்" என்றார்.

"ஏலே, நீ ஒதுங்கு" என்றான் அரிவாள் வைத்திருந்தவன். ஏலே என்பது எங்கள் பக்கம் சேக்காளிகள் பேசிக்கொள்கிற வார்த்தை. இவருக்கு அவன் மகன் வயது.

அவன் கதவை வெட்டினான். ஒரு வெட்டு குறுக்கே, அடுத்தது தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில். வேப்ப மரம் சத்தம் போட்டது. புதுச் சிவப்புக்குள் இருந்து வெள்ளையாகத் தும்பு பிய்ந்து வந்தது. இவர் போய்க் கதவுக்கு முன்னால் நின்றார். எனக்கு அதை இன்னும் நம்ப முடியவில்லை. பிரவுன் கேட்ட மனுஷன், சிவப்புக் கதவுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். இன்னொருத்தன் கையிலிருந்த கருவேலங்கம்பு இவர் இடது காதோரம் இறங்கியது. தேங்காய் உடைக்கிற சத்தம். நின்ற வாக்கில் உட்கார்ந்துவிட்டார்.

என் காலடியில் டப்பா இருந்தது. பாதிக்கு மேல் சிவப்பு. மூடி லேசாகத்தான் வைத்திருந்தது. தூக்கி, என் பலம் அத்தனையும் கூட்டி வீசினேன். அடித்தவன் மேல்தான் குறி. அவன் குனிந்துவிட்டான். டப்பா அண்ணாச்சி நெற்றியில் பட்டுக் கவிழ்ந்தது. தலை, முகம், வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, எல்லாம் வத்தல் சிவப்பு.

அவர் தன் கையைப் பார்த்தார். பிறகு ஒரு கத்து கத்தினார். அந்த மாதிரிக் கத்தலை நான் கேட்டதில்லை. அவருக்கே அது ரத்தம் என்று தோன்றிவிட்டது. அப்படியே மல்லாந்து ரோட்டில் விழுந்தார். கேட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி, "அய்யோ வெட்டிப்புட்டாளே" என்று மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். அண்ணன் மகன்கள் இரண்டு பேரும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு நின்றார்கள். வெட்ட வந்தவனுகளே சிவப்பைப் பார்த்ததும் இரண்டு எட்டு பின்னால் போனார்கள்.

அப்போது பாலவனத்தம் பஸ்ஸு வந்தது. டிரைவர் ரோட்டில் கிடந்தவரைப் பார்த்தார், கதவில் இருந்த அரிவாள் வெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பஸ்ஸை நிறுத்தாமல் பின்னாலேயே எடுத்துத் திருப்பிக்கொண்டு போனார். அந்தப் பஸ்ஸில் இருந்த ஒவ்வொரு போனும் பேச ஆரம்பித்திருக்கும். காப்பி ஆறுகிற நேரத்துக்குள், மேலத்தெருப் பெரிய ஆளைக் கீழத்தெருப் பொம்பளை வெட்டிக் கொன்றுவிட்டாள் என்று டவுன் வரைக்கும் போய்விட்டது.

நான் கத்தினேன். "பெயிண்டுய்யா! பெயிண்டு! மோந்து பாருங்கய்யா!" யார் கேட்டார்கள்? மேலத்தெருவிலிருந்து கம்போடு ஓடிவந்தார்கள். கீழத்தெருவிலிருந்து, கூப்பிடாதீர்கள் என்று சொன்னவர்களே கல்லோடு ஓடிவந்தார்கள். என் வீட்டு முற்றம்தான் களம். என் கோலத்தின் மேல் நின்று அடித்துக்கொண்டார்கள். ஒருத்தனுக்கு முன்பல் போனது. ஒருத்தனுக்குக் கை மணிக்கட்டில் மடங்கித் தொங்கியது. ஜன்னல் கண்ணாடி முழுதும் போனது. லோனு கொடுத்தவர்கள் சொன்ன ஜன்னல்கள்.

நடுவில் அண்ணாச்சி எழுந்து உட்கார்ந்துவிட்டார். தன் சட்டையை மோந்து பார்த்தார். தின்னர் வாடை. நாக்கால் உதட்டைத் தொட்டுவிட்டுத் துப்பினார். தனக்கு ஒன்றும் ஆகவில்லை, நெற்றியில் ஒரு புடைப்புத்தான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "நிறுத்துங்கடா" என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சுற்றிலும் அவருக்காக மண்டை உடைந்துகொண்டிருக்கும்போது, இது பெயிண்டு என்று எப்படிச் சொல்வார்? வெட்கம். மறுபடி கண்ணை மூடிப் படுத்துக்கொண்டார். இதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

கதவுக்கு அடியில் என் வீட்டுக்காரர் தலையை என் மடியில் வைத்திருந்தேன். அவர் இடது காதிலிருந்து வந்தது பெயிண்டு இல்லை. மெலிசாக, கொஞ்சமாக, நின்று நின்று வந்தது. அத்தனை கூட்டத்தில் ஒருத்தன் அதைப் பார்க்கவில்லை. டப்பாச் சிவப்பு முன்னால் அவர் சிவப்பு எடுபடவில்லை.

போலீஸ் வந்து அடித்துக் கலைத்தது. பிறகு ஆஸ்பத்திரி. பிறகு, எல்லோருக்கும் கட்டுப் போட்டு முடித்த பிறகு, ஸ்டேஷனில் அமைதிப் பேச்சு என்று ஒன்று வைத்தார்கள். இரண்டு தெருவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் போட்டார்.

"ஒரு கதவுக்கு இவ்வளவா? ஏம்மா, எதுக்குச் செவப்பு?"

"பிடிச்சிருந்துச்சு."

"பிடிச்சிருந்துச்சாம். ரெண்டு தெருவையும் உள்ள போடவா? இங்க பாருங்க, ஒரே முடிவு. நிலை, கதவு எல்லாத்துக்கும் பிரவுன். எல்லாரும் அடிக்கிற மாதிரி. சரியா?"

"சரிங்கய்யா" என்றது மேலத்தெரு. "சரிங்கய்யா" என்றது கீழத்தெரு. எனக்கு விவரம் தெரிந்து அந்த இரண்டு தெருவும் ஒரே வார்த்தையைச் சேர்ந்து சொன்னது அன்றைக்குத்தான். கோயில் கொடைக்குக்கூடச் சேரமாட்டார்கள். என் கதவை அழிக்கச் சேர்ந்துவிட்டார்கள். பச்சை டப்பாவோடு வந்தவன், கன்னத்தில் வாரியல் கோடு ஆறாமல், பலமாகத் தலையாட்டினான். என் வீட்டுக்காரர் தலையில் பெரிய கட்டோடு உட்கார்ந்திருந்தார். பாதிப் பேச்சு அவருக்குக் கேட்கவில்லை. யார் வாய் அசைகிறதோ அவர்களையே பார்த்தார்.

அழுதுவிடுவேன் போலிருந்தது. அதை இந்தக் கூட்டத்துக்குக் காட்டக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். பிறகு கேட்டேன்.

"சரிங்கய்யா. பிரவுனு யாரு அடிப்பா?"

"நீதான்."

"நான் அடிக்க மாட்டேன். இவருக்குத் தலை சுத்துது, ஏணியில ஏற முடியாது. என் தம்பி இனிமே இந்தப் பக்கம் வரமாட்டான்."

இன்ஸ்பெக்டர் எங்கள் தெரு ஆட்களைப் பார்த்தார். ஒருத்தனும் நிமிரவில்லை. பச்சையை அடிக்க வந்தவர்கள், போலீஸ் சொல்லிப் பிரவுன் அடித்தால் ஊரில் தலை காட்ட முடியாது.

"கதவை வெட்டுனது அவுக வீட்டுப் பிள்ளைகதான?" என்றேன். எதிர்வீட்டுக்காரரை நேராகப் பார்த்தேன். முடியோரத்தில் இன்னும் சிவப்பு போகாமல் இருந்தது. "அவுக வீட்டுல இருந்தே ரெண்டு பேர அனுப்பச் சொல்லுங்க. உப்புத்தாள் போட்டுத் தேச்சு, பட்டி பாத்து, பிரவுனு அடிச்சுக் குடுக்கட்டும். சும்மா வேணாம். கூலி குடுத்துர்றேன், அண்ணாச்சி."



அவர் எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் விழுந்தது. "யாருக்குடி கூலி? யாருக்குடி?" கையை ஓங்கிக்கொண்டு வந்தார். கான்ஸ்டபிள் இரண்டு பேர் குறுக்கே விழுந்து பிடித்தார்கள். கழுத்து நரம்பு புடைத்து, வாயோரம் நுரை தள்ளியது. டப்பாவால் அடித்தபோதுகூட அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது. இவ வாசல்ல எங்க வீட்டுப் பிள்ளைக குனியவா, இவ கையில கூலி வாங்கவா என்று அவர் பக்கத்து ஆட்கள் அத்தனை பேரும் ஒரே கூச்சல்.

"அப்ப யாரு அடிக்கிறது?" என்று இன்ஸ்பெக்டர் கத்தினார்.

"எவனும் அடிக்க வேணாம்" என்றார் அவர். மூச்சு வாங்கியது. "செவப்போ கறுப்போ, என்ன எழவு நிறமோ, இருந்துட்டுப் போகட்டும். எங்க வீட்டு ஆளு ஒருத்தன் அந்தக் கதவத் தொடமாட்டான்."

"எழுந்து போங்கய்யா எல்லாரும்" என்றார் இன்ஸ்பெக்டர். கண்ணாடியைத் தேடினார். யாரோ மேஜையை இடித்ததில் அது கீழே விழுந்து ஒரு பக்கம் உடைந்திருந்தது.

அப்படித்தான் கதவு சிவப்பாகவே நின்றது. நிலையில் இருந்த மஞ்சளையும் பச்சையையும் நானே உடைந்த ஜன்னல் கண்ணாடித் துண்டை வைத்துச் சுரண்டினேன். விரலெல்லாம் கிழிந்தது. எதிர்வீட்டில் ரோட்டுப் பக்க கேட்டைச் சுவர் வைத்து அடைத்துவிட்டு, சந்துப் பக்கம் புது கேட்டு போட்டுக்கொண்டார்கள். பேரப்பிள்ளை வேறு வேனில் போகிறான். எங்கள் தெருவில் விசேஷத்துக்கு எங்களைச் சொல்வதில்லை. சொன்னாலும் நான் போகப்போவதில்லை.

ஜெயித்துவிட்டாய் என்று மில்லில் ஒருத்தி சொன்னாள். அவளையும் வைதேன். இவருடைய இடது காது போய்விட்டது. பின்னால் வருகிற ஹாரன் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்காக நான் அந்தக் கதவை வேறு நிறம் அடிக்கப்போவதில்லை. அடித்தால் காது திரும்பி வருமா? வந்தால் சொல்லுங்கள், இன்றைக்கே அடிக்கிறேன்.

அவர் இப்போதும் கதவைப் பார்த்து, மெரூன் வாங்கியிருக்கலாம் என்பார். எனக்குச் சுர்ரென்று ஏறும். வாய்க்கு வந்தபடி ஏசுவேன். பாதி ஏசிய பிறகுதான், அவர் பாட்டுக்கு முறுக்கு தின்றுகொண்டிருப்பது தெரியும். எழுந்து, சுற்றி வந்து, வலது பக்கம் நின்று மறுபடி முதலிலிருந்து ஏச வேண்டியிருக்கிறது.